கிராமத்துப் பங்குல உங்க குடும்பத்தோட வேரைத் தேடுறது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கத்திப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பங்குதான் பூர்வீகம், தாத்தா காலத்துலயே பிழைப்புக்கு வெளியூர் வந்தாச்சு, இப்ப பூட்டன் பேர் என்ன, எந்த ஊர்ல இருந்து வந்தவங்க, யார்கிட்ட பொண்ணு எடுத்தாங்கன்னு தெரிஞ்சிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பங்குன்னா ஒரு சாமியார் பொறுப்புல உள்ள கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும். பெரும்பாலும் மதுரை மிஷன், அதாவது இயேசு சபைச் சாமிமார் வேலை பாத்த பகுதி, அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளை வச்சுத்தான் சொல்றேன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும், அவங்களுக்குன்னு தனியா கீழ கொஞ்சம் இருக்கு.

இதை ஏன் இவ்வளவு அக்கறையா சொல்றேன்னா, நிலபுலம் இருந்த குடும்பத்துக்கு பட்டா இருக்கும், கிரயப் பத்திரம் இருக்கும், பாகப்பிரிவினை பத்திரம் இருக்கும், நாலு தலைமுறை பேரை எப்படியும் எடுத்துடலாம். கூலி வேலை பாத்தவங்க, பனையேறினவங்க, அடுத்தவன் வயல்ல உழைச்சவங்க, கடலுக்குப் போனவங்க, இவங்க பேரையெல்லாம் எந்த சர்க்கார் ஏட்டுலயும் ஒழுங்கா எழுதி வைக்கல. பொம்பளைங்க பேர் அதைவிட மோசம், பத்திரத்துல எல்லாம் "இன்னார் மகன் இன்னார்"னு அப்பன் பேர்தான் ஓடும். ஆனா பங்குக் கோயில் ஞானஸ்நானப் புஸ்தகத்துல அம்மா பேர் இல்லாம ஒரு பிள்ளையைப் பதியறது வழக்கம் இல்ல. நிலமே இல்லாத ஒரு கொள்ளுப்பாட்டி பேரு மையில எழுதப்பட்ட ஒரே இடம் அந்தப் புஸ்தகமா இருக்கலாம். அதனால அவசரமா பேஜைப் புரட்டிட்டு "இல்லையாம்"னு வந்துடாதீங்க, கீழ சொல்ற வரிசையில பொறுமையா போங்க.

கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல

முதல் வேலை வீட்டுப் பெரியவங்ககிட்ட பேசுறது. போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் பண்ணிட்டு பேச விடுங்க. ஆனா "உங்க தாத்தா பேர் என்ன, எப்ப பொறந்தார்"ன்னு நேரா கேட்டா ரெண்டு பதில்ல பேச்சு முடிஞ்சிடும். அதுக்குப் பதிலா இப்படிக் கேளுங்க: நமக்கும் இன்னார் வீட்டுக்கும் என்ன முறை, எந்த ஊர்ல பொண்ணு குடுத்தோம் எந்த ஊர்ல எடுத்தோம், கோயில் திருநாள்ல நம்ம குடும்பத்து மண்டகப்படி எது, ஞானஸ்நானத்துல உங்களுக்குப் பெத்தவங்க மாதிரி பொறுப்பேத்து நின்ன ஞானத்தகப்பன் ஞானத்தாய் யாரு, துக்க வீட்டுல யாரெல்லாம் பங்காளின்னு முன்னாடி நிப்பாங்க. முறை கேட்டா ஆச்சிமாருக்கு ஞாபகம் ஊத்தெடுக்கும், அத்தை மாமா பெரியப்பான்னு அவங்க சொல்லச் சொல்ல பாதி மரம் தானா வந்துடும். வருஷம் மட்டும் அவங்க சொல்றதை அப்படியே நம்பாதீங்க, அதை ஏதாவது ஒரு சம்பவத்தோட கட்டிக் கேளுங்க, "தாது வருஷப் பஞ்சத்துல வந்தவங்க"ன்னு பெரியவங்க வழிவழியா சொல்லிட்டு வந்தா அது 1876-77, "பர்மாவுல குண்டு போட்டப்ப நடந்தே வந்தாங்க"ன்னா 1942.

அதோட பழைய பெட்டியைத் திறங்க. கல்யாணப் பத்திரிகை, இறந்தவங்க நினைவு அட்டை, பழைய ஜெபப் புஸ்தகத்தோட உள்அட்டையில எழுதி வச்ச பிறந்த தேதி, ஸ்கூல் டிசி, எஸ்எஸ்எல்சி புக், போட்டோவுக்குப் பின்னாடி உள்ள கையெழுத்து எல்லாத்தையும் போட்டோ எடுங்க. நினைவு அட்டையில "பூர்வீகம்"னு ஒரு ஊர் பேர் இருந்தா அது பெரிய துப்பு.

அன்னைக்கு அந்த ஊர் யாரோட பங்கு?

நிறைய பேர் ஒண்ணும் கெடைக்காம திரும்பி வர்ற இடம் இதுதான். இன்னைக்கு உங்க ஊர்ல தனிப் பங்கு இருக்கும், பங்குச் சாமியார் இருப்பார், ஆபீஸ் இருக்கும். ஆனா 1890-ல அந்த ஊர் இன்னொரு பெரிய பங்கோட கிளைக் கிராமமா இருந்திருக்கும், சாமியார் மாசத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் மேலயோ மாட்டு வண்டியிலயோ குதிரையிலயோ வந்து பூசை வச்சிட்டு பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போயிருப்பார், பதிவு போனது தாய்ப் பங்குப் புஸ்தகத்துல. அதனால இப்ப உள்ள பங்கு எந்த வருஷம் பிரிஞ்சுது, எந்தப் பங்குல இருந்து பிரிஞ்சுதுன்னு முதல்ல கேளுங்க. கோயில் முகப்புக் கல்வெட்டு, வெள்ளி விழா மலர், நூற்றாண்டு மலர் இதுல எல்லாம் இந்த விவரம் அநேகமா போட்டிருப்பாங்க. மலரை யாரும் பத்திரமா வைக்கிறதில்ல, ஊர் வாத்தியார் வீட்டுல கேட்டா கெடைக்கும்.

கோவில்பட்டி பக்கத்துல காமநாயக்கன்பட்டின்னு ஒரு ஊர், பரலோக மாதா கோயில் இருக்கே, அது. வீரமாமுனிவர் இருந்து வேலை பாத்த இடம். அந்த வட்டாரத்துக்காரங்க யாரா இருந்தாலும் தேடலை தங்க ஊர்ல நிறுத்தாம அங்கயும் கொண்டு போகணும். இதுல மறைமாவட்டமும், அதாவது ஒரு ஆயர் (பிஷப்) கீழ உள்ள பங்குகளோட தொகுப்பும், மாறிட்டே வந்திருக்கு. 1886-ல திருச்சி மறைமாவட்டம் வந்துச்சு, 1923-ல தூத்துக்குடி தனியாச்சு, 1938-ல மதுரை, 1973-ல பாளையங்கோட்டை, 1987-ல சிவகங்கை, 2003-ல திண்டுக்கல். கன்னியாகுமரிப் பக்கம் கோட்டாறு 1930-ல கொல்லத்துல இருந்து பிரிஞ்சது, அதுல இருந்து 2014-ல குழித்துறை. உங்க ஊர் இந்த வரிசையில எந்தெந்த வருஷம் யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி ஆயர் இல்லத்துல கேக்கும்போது இந்தப் பேப்பர்தான் வேலைக்கு ஆகும்.

இன்னொரு சிக்கல், ஒரே ஊர்ல ரெண்டு கட்சி. போர்ச்சுகல் ராஜாவோட பதுரவாதோ உரிமையில வந்த கோவா சாமிமார் ஒரு பக்கம், ரோமாபுரி நேரா அனுப்புன சாமிமார் ஒரு பக்கம்னு 19ஆம் நூற்றாண்டு முழுக்க இழுபறி. இயேசு சபையை 1773-ல போப் கலைச்சிட்டார், 1814-ல திரும்ப வந்துச்சு, பிரெஞ்சு சபைக்காரங்க 1838 வாக்குல மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தாங்க, நடுவுல சபை மக்களைப் பாத்துக்கிட்டது கோவா குருக்கள். 1886-ல ரோமாபுரியும் போர்ச்சுகலும் ஒப்பந்தம் போட்ட பிறகும் சில ஊர்ல ரெண்டு கோயில் ரெண்டு புஸ்தகம்னு ஓடுச்சு. ஒரு புஸ்தகத்துல உங்க ஆளுங்க திடீர்னு பத்து வருஷம் காணாமப் போனா சாகல, கட்சி மாறியிருக்காங்கன்னு யோசிங்க, அதே ஊர் இன்னொரு கோயில் எதுன்னு விசாரிங்க.

எவ்வளவு தூரம் பின்னாடி போகலாம்? முத்துக்குளித்துறை கடற்கரை ஊர்கள்ல 1530-கள்லயே ஞானஸ்நானம் வாங்கினாங்க, சவேரியார் 1542-ல வந்தார், ஆனா அந்தக் காலத்துப் பேர்ப் பட்டியல் எல்லாம் கைக்கு வரும்னு நினைக்காதீங்க. உள்நாட்டுப் பங்குகள்ல 1838-க்கு முந்தின புஸ்தகம் அபூர்வம். நடைமுறையில 1850, 1860 வரைக்கும் போய்ச் சேர்ந்தீங்கன்னா அதுவே ஆறேழு தலைமுறை.

பங்கு ஆபீஸ்ல

ஞானஸ்நானப் புஸ்தகம் சர்க்கார் ஏடு இல்ல, யாரும் வந்து புரட்டிப் பாக்கலாம்ங்கிற உரிமை கிடையாது. உங்களைப் பத்தின பதிவோட நகலைக் கேக்க உங்களுக்கு திருச்சபைச் சட்டத்துலயே உரிமை இருக்கு, ஆனா பூட்டன் பூட்டியைத் தேடுறது சாமியாரோட தயவுலதான் நடக்கும். அதனால இப்ப நீங்க இருக்குற பங்குச் சாமியார்கிட்ட ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிட்டுப் போங்க, முன்னாடியே போன் பண்ணி நாள் கேளுங்க, ஞாயித்துக்கிழமை, தவக்காலம், திருநாள் கொடியேத்து இதெல்லாம் தவிர்த்துட்டு சாதாரண நாள் காலைப் பூசை முடிஞ்சு போங்க. எந்தப் பேர், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரை, எந்தக் கிராமம்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க. "1902-ல இருந்து 1912 வரைக்கும் ஞானஸ்நானப் புஸ்தகம் பாக்கணும் சாமி"ன்னு கேட்டா எடுத்துத் தருவாங்க, "எங்க பரம்பரை முழுக்க வேணும்"னு கேட்டா யாருக்கும் எங்க ஆரம்பிக்கன்னே தெரியாது. காணிக்கை போட்டு ரசீது வாங்கிக்கோங்க.

கோயில் வேலைகளைப் பாத்துக்குற கோயில்பிள்ளையையும், சாமியாருக்கு உதவியா ஊர்ல ஜெபம் சொல்லிக் குடுத்த பழைய உபதேசியார் குடும்பத்தையும் கண்டிப்பா பாருங்க. சாமிமார் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாறிப் போயிடுவாங்க, எந்த பீரோவுல எந்தப் புஸ்தகம்னு தெரிஞ்சவங்க இவங்கதான்.

பழைய புஸ்தகத்தைக் கையாளுறது பத்தி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மை காலப்போக்குல தாளையே அரிச்சிடும், எழுத்து இருந்த இடம் உதிர்ந்து ஓட்டையா நிக்கும். விரல்ல எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க, கையைக் கழுவித் துடைச்சிட்டு உக்காருங்க, பேனாவை மேஜைக்கே கொண்டு போகாம பென்சில் வச்சுக்கோங்க, போட்டோ எடுக்க அனுமதி கேட்டு பிளாஷ் இல்லாம எடுங்க. எடுக்கும்போது முதல்ல புஸ்தக அட்டை, அப்புறம் முழுப் பக்கம், அப்புறம் உங்க பதிவுன்னு மூணு படம். வெறும் பதிவை மட்டும் கிட்டப் போய் எடுத்துட்டு வந்தா ஆறு மாசம் கழிச்சு எந்தப் புஸ்தகம் எந்தப் பக்கம்னு தெரியாம முழிக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன புஸ்தகம் கேக்கணும்? 1614-ல வந்த ரோமைச் சடங்கு நூல்ல அஞ்சு ஏடு வைக்கணும்னு சொல்லியிருக்கு: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், சாவு, அப்புறம் குடும்பக் கணக்கு. அஞ்சாவது இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க. வீடு வீடா, தலைக்கட்டு வாரியா, புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்கன்னு ஒரே இடத்துல எழுதியிருக்கும். அது இல்லாட்டி தலைக்கட்டு வரிப் புஸ்தகம், கோயில் கட்ட நன்கொடை குடுத்தவங்க பட்டியல், மண்டகப்படிக் கணக்கு இதையெல்லாம் கேளுங்க. ஒருத்தர் பேர் வரிப் புஸ்தகத்துல நின்னு போன வருஷமும் மகன் பேர் ஏறுன வருஷமும் தெரிஞ்சா சாவு எந்த வருஷம் தேடணும்னு தானா தெரிஞ்சிடும்.

லத்தீன் பதிவை வாசிக்கிறது

பயப்பட வேண்டாம், பதிவு எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், இருபது வார்த்தை தெரிஞ்சா போதும். மாதிரிக்கு ஒண்ணு நானே கோர்த்துத் தர்றேன், நிஜப் பதிவும் இந்த நடையிலதான் இருக்கும்:

"1894, தியே 4 பத்து-ப்ரிஸ், எகோ இன்ஃப்ராஸ்க்ரிப்துஸ் பாப்திசாவி இன்ஃபான்தெம் ஹெரி நாத்தும், எக்ஸ் யோசேஃபோ எத் மரியா கொன்ஜுகிபுஸ், குயி நோமென் இம்போசுயி சவேரியுஸ். பாத்ரினுஸ் ஃபுயித் பேத்ருஸ், மாத்ரினா அன்னா."

அர்த்தம்: 1894 டிசம்பர் 4, கீழ கையெழுத்துப் போட்ட நான், நேத்துப் பிறந்த பிள்ளைக்கு, யோசேப்பு மரியா தம்பதியோட மகனுக்கு ஞானஸ்நானம் குடுத்து சவேரியுஸ்னு பேர் வச்சேன், ஞானத்தகப்பன் பேத்ருஸ், ஞானத்தாய் அன்னா. இதுல மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, மாசம். பழைய சாமிமார் செப்டம்பரை 7-ப்ரிஸ்னும் அக்டோபரை 8-ப்ரிஸ்னும் நவம்பரை 9-ப்ரிஸ்னும் டிசம்பரை ரோமன் பத்து போட்டு ப்ரிஸ்னும் சுருக்கி எழுதுவாங்க. 7-ஐப் பாத்து ஜூலைன்னு எழுதிட்டு வந்தா ரெண்டு மாசம் தப்பாயிடும். ரெண்டாவது, "ஹெரி நாத்தும்"னா நேத்துப் பிறந்ததுன்னு அர்த்தம், அப்ப பிறந்தது டிசம்பர் 3, அன்னைக்கு சவேரியார் திருநாள், பேர் வந்த காரணம் அங்கயே கெடைச்சிடுச்சு. மூணாவது, வீட்டுல அந்தப் பிள்ளையை யாரும் சவேரியுஸ்னு கூப்பிட்டிருக்க மாட்டாங்க, சவரிமுத்துன்னோ சவரியாப்பிள்ளைன்னோதான் இருந்திருக்கும், அப்பா சூசை, அம்மா மரியாயி, ஞானத்தகப்பன் இராயப்பன்.

இந்தப் பேர் மாத்து தெரியாட்டி கண்ணு முன்னாடி இருக்குற பூட்டனை விட்டுட்டு வந்துடுவீங்க. யோவான்னெஸ்னா அருளப்பன், பாவுலுஸ்னா சின்னப்பன், யாக்கோபுஸ்னா யாகப்பன், அலோய்சியுஸ்னா ஞானப்பிரகாசம், இக்னாசியுஸ்னா இஞ்ஞாசி, லாசருஸ்னா தேவசகாயம். பிரெஞ்சு சாமிமார் தமிழ்ப் பேரை அப்படியே எழுதினாலும் அவங்க பாஷை எழுத்துக்கூட்டுலதான் எழுதுவாங்க, உகரம் வர்ற இடத்துல ஓ, யூ ரெண்டு எழுத்தும் சேர்ந்து நிக்கும், அதனால முத்துன்னு தேடாம அந்த எழுத்துக்கூட்டு எப்படி வரும்னு முதல்ல எழுதிப் பாத்துக்கோங்க. கோவா சாமிமார் எழுதின பழைய பக்கம்னா போர்ச்சுகீஸ்ல இருக்கும். கடற்கரைக் குடும்பங்கள்ல பர்னாந்து, மோத்தா, ரோச், மச்சாதுன்னு போர்ச்சுகீஸ் குடும்பப் பேர் தொடர்ந்து வர்றதால பின்தொடர லேசு, ஆனா ஒரே பேர் ஊர் பூரா இருக்கும், அதனால வீட்டுப் பட்டப் பேரையும் கேட்டு வச்சுக்கணும்.

பேரே சில சமயம் காலத்தைக் காட்டும். லூர்து மாதா காட்சி 1858-ல நடந்தது, அதனால லூர்துசாமி, லூர்தம்மாள்னு ஒருத்தர் அதுக்கு முந்தி பிறந்தார்னு யாராவது சொன்னா எங்கயோ தலைமுறை குழம்பியிருக்கு. அதே மாதிரி தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிற வழக்கம் இருக்கே, அதனால சூசை மகன் சவரி, சவரி மகன் சூசைன்னு ஒண்ணு விட்டு ஒண்ணு அதே பேர் வரும், போதாக்குறைக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் மூத்த மகனுக்கு ஒரே பேரை வச்சிருப்பாங்க. அப்பா பேர் மட்டும் பொருந்துனா போதாது. அப்பா பேர், அம்மா பேர், ஊர், ஞானப் பெற்றோர் இந்த நாலுல மூணாவது பொருந்தணும், அப்பத்தான் இவர் நம்ம ஆள்னு எடுத்துக்கோங்க.

ஞானப் பெற்றோரை யாரும் கண்டுக்கிறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். தாய்மாமன், அத்தை, பெரியப்பான்னு ரத்த சொந்தம்தான் பெரும்பாலும் நிப்பாங்க. ஒரு தம்பதியோட எல்லாப் பிள்ளைகளோட ஞானப் பெற்றோர் பேரையும் வரிசையா எழுதிப் பாருங்க, அம்மாவோட பிறந்த வீட்டு ஆளுங்க அதுல வந்து நிப்பாங்க.

தலைப்பிள்ளையைக் காணோமா?

அப்பா ஊர்ப் புஸ்தகத்துல ரெண்டாவது பிள்ளையில இருந்து எல்லாரும் இருக்காங்க, மூத்தவரை மட்டும் காணோம்னா பதியலைன்னு முடிவு பண்ணிடாதீங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கும், பிள்ளை பொறந்து சில நாள்லயே அந்த ஊர்க் கோயில்லயே ஞானஸ்நானம் குடுத்திருப்பாங்க. அதனால அம்மா ஊர்ப் பங்குல தேடுங்க. பிள்ளைக்கு உசிரு ஆபத்துன்னா உபதேசியாரோ மருத்துவச்சியோ வீட்டுலயே தண்ணி ஊத்தியிருப்பாங்க, சாமியார் வந்தப்ப மீதிச் சடங்கை முடிச்சு அப்புறமா எழுதியிருப்பார், அப்ப பிறந்த தேதிக்கும் பதிவு தேதிக்கும் மாசக்கணக்குல இடைவெளி இருக்கும்.

ஓரத்துல உள்ள சின்ன எழுத்து, கல்யாணப் புஸ்தகத்துல உள்ள விலக்கு

என்னைக் கேட்டா மொத்தத் தேடல்லயும் உயிரான இடம் இதுதான். 1908 ஈஸ்டர்ல இருந்து ஒரு புது விதி நடைமுறைக்கு வந்துச்சு, ஒருத்தருக்கு எந்த ஊர்ல கல்யாணம் நடந்தாலும் அந்தத் தகவலை அவருக்கு ஞானஸ்நானம் குடுத்த பங்குக்கு அனுப்பி அவரோட பதிவு ஓரத்துல எழுதணும். அதனால 1890-கள்ல பிறந்த உங்க பாட்டியோட பதிவு ஓரத்துல, எந்த வருஷம், எந்த ஊர்ல, யாரைக் கட்டினாங்கன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கலாம். கொழும்புலயோ பினாங்குலயோ ரங்கூன்லயோ நடந்த கல்யாணம்கூட அந்த ஓரத்துல வந்து உக்காந்திருக்கும். ஞானஸ்நான சர்டிபிகேட் கேக்கும்போது "ஓரக் குறிப்பையும் சேர்த்து எழுதித் தாங்க"ன்னு சொல்லியே கேளுங்க, சொல்லாட்டி பேரையும் தேதியையும் மட்டும் எழுதிக் குடுத்துடுவாங்க.

கல்யாணப் புஸ்தகத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல அத்தை மகன், மாமன் மகள் முறை இருக்கே, திருச்சபை அதைத் தடைன்னு சொல்லும், விலக்கு வாங்கித்தான் கட்டணும். மூணு ஓலை (கோயில்ல கல்யாண அறிவிப்பு) வாசிச்சாங்க, தடை இருந்துச்சு, விலக்கு கெடைச்சுதுன்னு அந்தப் பதிவுலயே எழுதியிருக்கும். "இன் செகுந்தோ கிராது"ன்னு இருந்தா ரெண்டாம் படி, அதாவது பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் தாத்தா பாட்டி ஒண்ணு. "தெர்ஸியோ"ன்னா மூணாம் படி, பூட்டன் பூட்டி ஒண்ணு. ஒரே ஒரு வார்த்தையில ரெண்டு குடும்பமும் மேல போய் எங்க சேருதுன்னு தெரிஞ்சிடுது பாருங்க, இப்படி ஒரு தகவல் வேற எந்த ஏட்டுலயும் கெடைக்காது. 1918-க்கு முன்னாடி நாலாம் படி வரைக்கும் தடை பாத்தாங்க, அதுக்கப்புறம் மூணு வரைக்கும், 1983 திருச்சபைச் சட்டத்துல எண்ணுற முறையே மாறிப்போச்சு, அதே அத்தை பிள்ளை மாமன் பிள்ளையை இப்ப நாலாம் படின்னு எழுதுவாங்க. அதனால 1990 பதிவுல நாலுன்னு இருக்குறதையும் 1910 பதிவுல நாலுன்னு இருக்குறதையும் ஒண்ணா நினைக்காதீங்க. விலக்குக் கேட்டு எழுதின மனு, உறவு முறைப் படம் எல்லாம் தனிக் கட்டா கட்டி வச்சிருக்க வாய்ப்பு உண்டு, சாமியார்கிட்டயும் ஆயர் இல்லத்துலயும் கேளுங்க.

கல்யாணப் பதிவுல இன்னொரு லாபம், பொண்ணோட அப்பா பேரும் பிறந்த ஊரும். ஞானஸ்நானத்துல வெறும் மரியான்னு இருந்தவங்க இங்கதான் இன்ன ஊர் இன்னார் மகள்னு ஒரு முழு ஆளா வருவாங்க. "விதுவா"ன்னு இருந்தா விதவை, அப்ப முதல் கல்யாணம்னு ஒண்ணு இருக்கு, அதையும் தேடணும்.

சாவுப் புஸ்தகத்துல வயசை நம்பாதீங்க. சுமார் 60, சுமார் 70னு மதிப்பாத்தான் போட்டிருப்பாங்க. 1876 முதல் 1878 வரைக்கும் உள்ள பக்கங்களைப் பாக்குறப்ப மனசைத் தயார் பண்ணிக்கோங்க, பஞ்சமும் காலராவும் போன காலம், ஒரே வீட்டுல இருந்து அடுத்தடுத்து பேர் வந்துட்டே இருக்கும்.

சாதி

பழைய புஸ்தகங்கள்ல சாதி எழுதியிருக்கும், சில பங்குகள்ல தெருவாரியாவும் பிரிச்சிருப்பாங்க. கோயில்ல தனி இடம், கல்லறைத் தோட்டத்துல தனி இடம்னு நடந்த அநியாயம் எல்லாம் அந்த ஏட்டுலயே பதிவாகியிருக்கு. அதைப் பாத்து மறைக்கவும் வேண்டாம், பெருமைக்குப் பயன்படுத்தவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி எழுதி வைங்க. ஒரு குடும்பம் ஏன் ஊர் மாறிச்சு, ஏன் கட்சி மாறிச்சு, ஏன் இலங்கைத் தோட்டத்துக்குப் போச்சுங்கிறதுக்கு காரணமே பல சமயம் அந்த ஒரு வார்த்தையில இருக்கும்.

மதம் மாறின தலைமுறை வரைக்கும் போயிட்டா

பெரியவங்களா ஞானஸ்நானம் வாங்கினவங்க பதிவுல "எக்ஸ் ஜென்திலித்தாத்தே"ன்னோ (வேற மதத்துல இருந்து வந்தவர்) அது போலவோ இருக்கும், பல இடத்துல பழைய பேரும் புதுப் பேரும் ரெண்டும் இருக்கும். அந்தப் பழைய பேர் ரொம்ப முக்கியம். அதுக்கு மேல கோயில் புஸ்தகம் உதவாது, மதம் மாறாத பங்காளிகளைத்தான் தேடணும். அவங்க குலதெய்வக் கோயில் எது, அங்க வரி குடுக்குற தலைக்கட்டு யார் யார்னு விசாரிச்சா விட்ட இடத்துல இருந்து பிடிச்சிடலாம். நாலஞ்சு தலைமுறைக்கு முன்னாடி பிரிஞ்ச கிளைன்னு அவங்களுக்கும் வாய்வழியா தெரிஞ்சிருக்கும், போய்க் கேக்க சங்கடப்படாதீங்க.

சிஎஸ்ஐ குடும்பங்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம்னா சேகர குருவானவர்கிட்ட (சேகரம்னா அவங்க பங்கு மாதிரி) கேளுங்க, பழைய ஏடு தாய்ச் சேகரத்துல இருக்கும். முதலூர் 1799-ல உண்டான ஊர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி, மெஞ்ஞானபுரம், டோனாவூர்னு ஒவ்வொண்ணும் ஒரு மிஷன் நிலையம். 1947-ல தென்னிந்தியத் திருச்சபை சேர்றதுக்கு முன்னாடி உங்க ஊர் எஸ்பிஜியா சிஎம்எஸ்ஸான்னு (ரெண்டும் இங்கிலாந்து மிஷன் சங்கங்கள்) தெரிஞ்சிக்கிறது அவசியம், ஏன்னா மிஷனரிமாரோட கடிதம், ரிப்போர்ட் போன இடம் வேற வேற. எஸ்பிஜி பேப்பர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நூலகத்துல, சிஎம்எஸ் பேப்பர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல, நாகர்கோவில் பக்கத்து லண்டன் மிஷன் பேப்பர் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்துல, தரங்கம்பாடி மிஷன் பேப்பர் ஜெர்மனியில ஹாலே ஊர்ல. உபதேசியார், வாத்தியார், குருவானவர்னு மிஷன் சம்பளம் வாங்கினவங்க குடும்பத்துல இருந்தா இதுல பேர் வர வாய்ப்பு அதிகம். சாதாரண சபையார் பேருக்கு ஊர் ஏடுதான்.

கோயிலுக்கு வெளிய

பதிவாளர் ஆபீஸ் வில்லங்கச் சான்று ஆன்லைன்ல 1975 வாக்குல இருந்துதான் சுலபமா கெடைக்குது, அதுக்கு முந்தி வேணும்னா நேர்ல மனு குடுக்கணும். பழைய பத்திரத்துல பசலி வருஷம் (வருவாய்க் கணக்கு ஆண்டு) இருந்தா 590 கூட்டுங்க, பசலி 1350னா 1940-41. குமரி மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில இருந்ததால அங்க கொல்லம் ஆண்டு வரும், அதுக்கு 824 இல்லாட்டி 825 கூட்டணும். எண்ணே தமிழ் எண்ணுல இருக்கலாம். பிறப்பு இறப்புப் பதிவு சுதந்திரத்துக்கு முந்தியே கிராம முன்சீப் காலத்துல இருந்து இருக்கு, பழைய கட்டுகளை தாலுகா ஆபீஸ்ல விசாரிங்க. மிஷன் ஸ்கூல் சேர்க்கைப் பதிவேடு அருமையான சோர்ஸ், அப்பா பேர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பம்னா உங்களுக்கு ஒரு வசதி, பிரெஞ்சு அரசாங்கத்தோட பிறப்பு, கல்யாண, சாவுப் பதிவுகளை பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊர்ல உள்ள ஆவணக்காப்பகம் ஸ்கேன் பண்ணி இலவசமா இணையத்துல போட்டிருக்கு. ஆனா பேமிலிசர்ச் மாதிரி தளங்கள்ல "இந்தியா ஞானஸ்நானம்"னு வர்ற இண்டெக்ஸைப் பாத்து ஏமாறாதீங்க, அதுல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, ஆங்கிலோ இந்தியர் பேர்தான்.

இலங்கை மலையகத்துல இருந்து 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பம்னா, தோட்டத்துல நடந்த ஞானஸ்நானம் கண்டி, பதுளைப் பக்கத்துப் பங்குல இருக்கும், பாஸ்போர்ட்டுல உள்ள தோட்டத்துப் பேரை வச்சு எந்தப் பங்குன்னு கண்டுபிடிச்சு எழுதிக் கேளுங்க.

கல்லறைத் தோட்டத்துக்கு நவம்பர் 2 அன்னைக்குப் போங்க. கல்லறைத் திருநாளுக்கு ஊர்ல உள்ளவங்க, வெளியூர்ல இருந்து வந்தவங்க எல்லாரும் அங்க இருப்பாங்க, எந்தக் குழிக்கு யார் பூப் போடுறாங்கன்னு பாத்தாலே சொந்தம் தெரியும், எழுத்து அழிஞ்ச சிலுவை யாருதுன்னு கேக்குறதுக்கும் அதைவிட நல்ல நாள் கெடையாது.

எழுதி வைக்கிற முறை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பதிவுல இருந்ததை எழுத்துக்கு எழுத்து ஒரு கட்டத்துல, நீங்க புரிஞ்சிக்கிட்டதை பக்கத்துக் கட்டத்துல, எந்தக் கோயில், எந்தப் புஸ்தகம், பக்கம், வரிசை எண் அடுத்த கட்டத்துல. ரெண்டையும் கலந்துட்டா ரெண்டு வருஷம் கழிச்சு உங்க ஊகம் எது, சாமியார் எழுதினது எதுன்னு உங்களுக்கே பிரிக்க முடியாது. உயிரோட இருக்குறவங்க விவரத்தை அவங்களைக் கேக்காம குடும்ப வாட்ஸப் குரூப்புல போடாதீங்க, தத்து, ரெண்டாம் தாரம், கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்த பிள்ளைன்னு ஏட்டுல நீங்க பாக்குற விஷயம் இன்னைக்கும் யாரையாவது காயப்படுத்தலாம்.

புஸ்தகமே இல்லைன்னு சொல்லிட்டா

கரையான் தின்னது, மழைத் தண்ணி பூந்தது, பங்கு பிரிக்கும்போது காணாமப் போனது, இதெல்லாம் நடக்குறதுதான். அப்பவும் ஒரு வழி இருக்கு. 1918-ல நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் வருஷக் கடைசியில ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், சாவு ஏடுகளோட நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்பணும், குடும்பக் கணக்கு மட்டும் விலக்கு. 1983-ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் இந்த விதி இருந்தது. எல்லாப் பங்கும் ஒழுங்கா அனுப்புனாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா கேக்காம விடக்கூடாது. நீங்க எழுதி வச்சிருக்குற மறைமாவட்ட வரிசைப் பேப்பர் இங்கதான் வேணும். காமநாயக்கன்பட்டிப் பக்கத்து ஊர்னா 1925 நகல் திருச்சிக்குப் போயிருக்கணும், 1950 நகல் மதுரைக்கு, 1975 நகல் பாளையங்கோட்டைக்கு. பழைய மதுரை மிஷன் இயேசு சபை ஆவணங்களை கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல ரொம்ப காலம் வச்சிருந்தாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி இப்ப எந்தப் பகுதி எங்க இருக்குன்னு சபைக்காரங்ககிட்ட கேட்டுக்கோங்க. ஆயர் இல்லத்துக்கு எழுதும்போது செயலருக்கு, அதாவது சான்சலருக்கு, முகவரி போட்டு பங்கு பேர், கிளைக் கிராமம், வருஷம், தேடுற தம்பதி பேர் தமிழ்லயும் லத்தீன்லயும், பங்குச் சாமியாரோட "புஸ்தகம் இங்க இல்லை"ங்கிற குறிப்பையும் சேர்த்து அனுப்புங்க. பதில் வர மாசக்கணக்குல ஆகும், நடுவுல ஒரு தடவை மரியாதையா போன் பண்ணி ஞாபகப்படுத்துங்க.